ஆனந்தவள்ளியின் காதுக்கு எட்டாத வேட்டு

தென்காசி வட்டாரத்தில் இசக்கிதுரையால் தூக்கம் கெடாத குடும்பம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது எளிதன்று. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக 'துரை சவுண்ட் சர்வீஸ்' என்ற பெயரில் மைக் செட் வாடகைக்கு விட்டவர் அவர். கோயில் கொடைத் திருவிழாவா, காதுகுத்தா, கல்யாணமா, கட்சிக் கூட்டமா, எதுவானாலும் முதல் நாள் மாலையே அவருடைய வேன் ஊருக்குள் வந்து நிற்கும். தென்னை மரத்தின் உச்சியில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, அதன் வாயை ஊரின் நடுவை நோக்கித் திருப்பிவிட்டு, "ஹலோ" என்று ஒரே ஒரு முறை அவர் சொன்னால் போதும். பக்கத்து ஊரில் படுத்திருக்கும் நாய்களும் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் குறைத்து வைக்கலாகாதா என்று எவரேனும் கேட்டால் அவருக்கு மனம் நொந்துபோகும். "அடுத்த ஊருக்குக் கேக்கலேன்னா அதுக்குப் பேரு கொடையா வே? வீட்டுக்குள்ள உக்காந்து கும்பிட்டுட்டுப் போகலாமே" என்பார்.

இந்தக் கொள்கையோடு குடித்தனம் நடத்தியவர் அவருடைய மனைவி ஆனந்தவள்ளி. கீழே கடை, மேலே வீடு. பழுது பார்த்த ஆம்ப்ளிஃபயரைக் கீழே சோதித்துப் பார்க்கும்போதெல்லாம் மேலே அடுக்களையில் டம்ளர்கள் தாமாகவே நகர்ந்து மேடையின் விளிம்புக்கு வரும். ஆனந்தவள்ளி அவற்றைத் திரும்ப உள்ளே தள்ளி வைப்பார். ஒரே மகனை வளர்த்துப் படிக்கவைத்து ஓசூருக்கு அனுப்பியதும், கணவர் தொழிலை இன்னொருவருக்கு விற்றதும் இவ்வாறு டம்ளர்களைத் தள்ளி வைத்துக்கொண்டே நடந்தேறியவைதாம். தொழிலை விற்ற அன்று, "உனக்கு என்னட்டி வேணும், கேளு" என்று இசக்கிதுரை பெருமிதத்தோடு கேட்டார்.

"நகை வேண்டாம், நட்டு வேண்டாம். பால் பொங்குற சத்தம் காதுல விழுற மாதிரி ஒரு வீடு கட்டித் தாங்க. போதும்."

கட்டித் தந்தார். ஆயிரப்பேரியைத் தாண்டிப் பழைய குற்றாலம் போகும் பாதையில், மலையடிவாரத்தை ஒட்டிய ஒரு தோப்பின் நடுவே எழுந்தது அந்த வீடு. குடிபுகுந்த நாள் முதலாக ஆனந்தவள்ளிக்குக் கால் தரையில் பாவவில்லை. மாங்கொட்டையை அணில் உருட்டுவது கேட்கிறது என்பார். மழை மலையில் இருக்கிறதா, தோப்புக்கு வந்துவிட்டதா என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். இசக்கிதுரைக்கு அணிலும் கேட்கவில்லை, மழையும் கேட்கவில்லை. ஆயினும் மனைவி மகிழ்ச்சியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த தோப்பை வாங்கியவர் துல்கர்னைன். தென்காசிக்காரர்தாம். கத்தாரில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தின் பண்டகசாலையில் காலமெல்லாம் வேலை பார்த்து, பிறர் சுடுவதைப் பார்த்துப் பார்த்து ஏங்கி, ஊர் திரும்பியதும் தமக்கென ஒரு ரைபிள் சங்கம் தொடங்கிவிட்டார். அனுமதிகள் அனைத்தும் முறைப்படி பெற்று, சனி, ஞாயிறு காலைகளில் மட்டும் பயிற்சி என்று அறிவித்தார். காவல்துறைக்கும் பட்டாளத்துக்கும் பிள்ளைகளை அனுப்புவதில் சளைக்காத வட்டாரம் அல்லவா? தொடங்கிய வாரமே இடம் போதவில்லை.

அந்த முதல் சனிக்கிழமை, ஆனந்தவள்ளி அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருந்தார். அப்போது முதல் குண்டு வெடித்தது. தோப்பு அதை மலைக்கு அனுப்பியது. மலை அதை வாங்கி, ஒன்றை மூன்றாக்கித் திருப்பித் தந்தது. பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது ஒருவர் காதிலும் விழவில்லை.

"கேட்டுதா உங்களுக்கு?" என்று முற்றத்துக்கு வந்தார் ஆனந்தவள்ளி.

"என்னத்த?"

"துப்பாக்கி."

"ஏதோ கதவு சாத்துன மாதிரி இருந்துச்சு. காத்தா இருக்கும்" என்றார் இசக்கிதுரை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்த அந்த அம்மாள், நான்காம் வாரம் பையைத் தூக்கிக்கொண்டார். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கும் தம்பி முத்துச்செல்வத்தின் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். சண்டை இல்லை, கண்ணீர் இல்லை. "இந்தச் சத்தம் நின்ன பெறவு ஒரு போன் போடுங்க. வாரேன்" என்றார். அவ்வளவுதான்.

இசக்கிதுரை முதல் நாள் தொலைக்காட்சியைத் தம் விருப்பம்போல் உச்சத்தில் வைத்துக்கொண்டு கொண்டாடினார். குறைக்கச் சொல்ல ஆள் இல்லை. இரண்டாம் நாள் அதுவே குறையாகத் தெரிந்தது. குறைக்கச் சொல்ல ஆள் இல்லாத வீட்டில் கூட்டி வைப்பதில் ஒரு சுவையும் இல்லை. காபி கசந்தது, தோசை கல்லோடு உறவு கொண்டாடியது. அடுத்த திங்கட்கிழமை, சத்தத்தை நிறுத்தக் கோரும் மனு ஒன்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய் வரிசையில் நின்றார்.

"எதுக்கு அண்ணாச்சி மனு?" என்று முன்னால் நின்றவர் பேச்சுக் கொடுத்தார்.

"சத்தம் தாங்க முடியல. அதுக்குத்தான்."

முன்னால் நின்றவர் முழுமையாகத் திரும்பி ஆளைப் பார்த்தார். "மைக் செட் துரை அண்ணாச்சியா? எங்க அம்மன் கொடைக்கு நீங்க கட்டுன குழாய் எங்க வீட்டுச் சன்னலுக்கு நேரா இருந்துச்சு. எங்க மாமியா மூணு நாளு சைகையிலதான் பேசுனா."

"அது நல்லதுதான?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"நல்லதுதான். அதனாலதான் அப்ப நான் மனு கொடுக்கல."

வரிசை முழுவதும் சிரிப்பு ஓடி, மனு வாங்கும் மேசை வரை போய்ச் சேர்ந்தது. மனுவைப் படித்த அலுவலரும் நிமிர்ந்து பார்த்தார். தாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்த சமயம் மேலகரத்தில் நடந்த ஒரு கொடையை நினைவுகூர்ந்தார். ஆயினும் நியாயமான மனிதர்; மனுவை உரிய பிரிவுக்கு அனுப்புவதாகவும், ஆய்வுக்கு ஆள் வருவதற்குள் ஒருமுறை நேரில் போய்ப் பேசிப் பார்ப்பது நல்லது என்றும் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை காலை, பேச வேண்டியவற்றை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு இசக்கிதுரை சங்கத்தின் வாசலில் போய் நின்றார். அங்கே இருந்தவர் பயிற்சியாளர் சிவனணைந்தபெருமாள். பீரங்கிப் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"யாரைப் பாக்கணும்?" என்று சுபேதார், மலைக்கு மறுபுறம் நிற்பவரை விசாரிப்பதுபோல் கேட்டார்.

"சத்தத்தைப் பத்திப் பேசணும் வே" என்று இசக்கிதுரை அதே அளவில் பதில் சொன்னார்.

இருவருக்கும் பார்த்த மாத்திரத்தில் பிடித்துப்போயிற்று. வாயைத் திறந்து இவ்வளவு தெளிவாகப் பேசும் மனிதரைக் கண்டு எத்தனையோ காலமாயிற்று என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டனர்.

அவர்களுடைய உரையாடல் உள்ளே கொட்டகை வரை கேட்டதால் துல்கர்னைனே எழுந்து வந்துவிட்டார். இசக்கிதுரையைக் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்தது. "அண்ணாச்சி, என் நிக்காஹ்வுக்கு நீங்கதான மைக் செட்டு? நான் 'கபூல்'னு சொன்னது நன்னகரம் வரைக்கும் கேட்டுச்சாம். சண்டை வரும்போதெல்லாம் வீட்டுக்காரி அதைத்தான் சொல்லிக் காட்டுதா. ஊரறியச் சம்மதிச்ச ஆளு நீங்கன்னு."

ஒத்திகை பார்த்த சொற்கள் இசக்கிதுரையின் வாயிலேயே கரைந்தன. டீ வந்தது. டீக்குப் பின், "வந்தது வந்தீங்க, ஒண்ணு சுட்டுப் பாருங்களேன்" என்றார் துல்கர்னைன்.

வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தார். அதற்குள் காதை மூடும் கவசத்தை மாட்டி, பாயில் குப்புறப் படுக்கவைத்து, தோளில் ரைபிளைப் பொருத்திவிட்டார் சுபேதார். "மூச்சை விடும். பாதியில நிறுத்தும். வெரல மட்டும் மடக்கும். கைய மடக்காதீரும்." விரலை மடக்கினார். தோளில் யாரோ செல்லமாக இடித்ததுபோல் இருந்தது. ஐம்பது மீட்டருக்கு அப்பால், பக்கத்துத் தடத்தில் சுட்டுக்கொண்டிருந்த காவலர் ஒருவரின் குறி அட்டையில், மையத்துக்கு வெகு அருகில் ஒரு துளை கூடுதலாக விழுந்தது. அந்தக் காவலர் பெரிதும் மகிழ்ந்தார். இசக்கிதுரை அவரைவிட மகிழ்ந்தார்.

வாழ்நாள் முழுவதும் சத்தத்தை எல்லாத் திசைகளிலும் வாரி இறைத்தவர் அவர். ஒன்றே ஒன்றை எடுத்து, ஒரே ஓர் இடத்துக்கு அனுப்பி வைப்பதில் இத்தனை பரவசம் இருக்கும் என்பது அவர் அறியாத செய்தி. இன்னொன்று கேட்டார். பிறகு இன்னொன்று. மத்தியானம் வீடு திரும்பும்போது மாப்பிள்ளை ஊர்வலத்தில் நடப்பவர்போல் நடந்தார். வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான், தாம் எதற்காகப் போனோம் என்பது நினைவுக்கு வந்தது.

மறுநாள் காலை மறுபடியும் போய், முதலில் பத்துக் குண்டு சுட்டுவிட்டு, பிறகு துல்கர்னைனிடம் உண்மையைச் சொன்னார். மனைவி போனதைச் சொன்னார். மனு கொடுத்ததையும் சொன்னார்.

"மதினி இதனாலயா போனாங்க?" துல்கர்னைன் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். "என் சத்தத்தால ஒரு குடும்பம் பிரிஞ்சுதுன்னா நான் என்னத்த சங்கம் நடத்த? மூடிருதேன் அண்ணாச்சி."

"மூடப்படாது" என்றார் இசக்கிதுரை அவசரமாக. ஒரு நாளைக்கு முன்பு வரை அதைத்தான் அரசாங்கத்திடம் கேட்டிருந்தார். இப்போது அவருக்கு இரண்டும் வேண்டும்: மனைவியும் வேண்டும், ரைபிளும் வேண்டும். ஆகவே துப்பாக்கி சுட வேண்டும். ஆனால் அந்த ஓசை அடுத்த தோப்பில் இருக்கும் ஒரு வீட்டை எட்டக் கூடாது.

வேலையில் இறங்கினார்கள். கொட்டகையின் தகரக் கூரைமேல் தென்னங்கீற்று வேய்ந்தார்கள். பக்கங்களில் மணல் மூட்டை அடுக்கிச் சாக்குப் படுதா தொங்கவிட்டார்கள். சோதித்துப் பார்க்க ஆள் வேண்டுமே? துல்கர்னைன் களத்தில் காதுக் கவசத்தோடு ரைபிளைப் பிடிக்க, இசக்கிதுரையும் சுபேதாரும் வீட்டு முற்றத்தில் நாற்காலி போட்டுக் கைப்பேசியோடு அமர்ந்தனர்.

"பாய், சுடும்."

"சுட்டாச்சு அண்ணாச்சி."

"நிசமாவா? இன்னொண்ணு சுடும்."

"ஒண்ணென்ன, அஞ்சு சுட்டாச்சு."

இசக்கிதுரை சுபேதாரைப் பார்த்தார். "ஏதாவது கேட்டுச்சா வே?"

"என்னது?"

"ஏதாவது கேட்டுச்சான்னேன்."

"ஒரு மண்ணும் கேக்கல."

மாமரத்திலிருந்த காகங்கள் அத்தனையும் ஒரே வீச்சில் எழுந்து, கரைந்துகொண்டு, மேற்கே பறந்தன. இருவரும் அண்ணாந்து பார்த்தனர்.

"காக்காயெல்லாம் ஏன் வே பறக்கு?"

"மழை வரும்போல இருக்கு" என்றார் சுபேதார்.

இருவரும் கட்டித் தழுவிக்கொண்டனர். அந்தக் கணமே ஆலங்குளத்துக்குப் போன் போயிற்று. அடுத்த சனிக்கிழமை காலை ஆனந்தவள்ளி பேருந்தில் தென்காசி வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பையும் கையுமாக வாசலில் இறங்கினார். இசக்கிதுரை வெள்ளை வேட்டியில் நின்று பையை வாங்கிக்கொண்டார். ஆட்டோக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது தோப்பு அதிர்ந்தது. மலை வழக்கம்போல் மூன்றாக்கித் திருப்பித் தந்தது.

ஆனந்தவள்ளி கணவரின் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். அதில் ஒரு சலனமும் இல்லை. ஆரத்தி எடுக்கப்போகிறவர்போல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது சத்தம் இல்லையா?"

"எது?"

"இப்பக் கேட்டது உங்க காதுல விழலன்னா சொல்லுதிய?"

"எப்போ?"

அந்த அம்மாள் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டு, ஆட்டோவிலேயே ஏறிக்கொண்டார். திரும்பும் சவாரி இவ்வளவு விரைவில் கிடைக்கும் என்று எதிர்பாராத ஆட்டோக்காரர், முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

நடந்ததைக் கேட்டு முதலில் சிரித்தவள் துல்கர்னைனின் மகள் மாஜிதா. பொறியியல் கல்லூரி ஒன்றில் கட்டடவியல் கற்பிப்பவள். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தாள். "வாப்பா, சத்தம் குறைஞ்சிருச்சான்னு பாக்க யார உக்கார வச்சீங்க?"

"சுபேதாரையும் துரை அண்ணாச்சியையும்."

"ஒருத்தர் பீரங்கி, இன்னொருத்தர் மைக் செட்டு. ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா உங்களுக்கு?" என்று தலையில் கை வைத்துக்கொண்டாள். இரண்டு பெரியவர்களும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது பின்னால் போய், சாவிக்கொத்தைச் சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டாள். இருவரும் தேநீரின் சுவையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தனர். மறுபடி போட்டாள். சுபேதார் பிஸ்கட் கேட்டார்.

அதன்பிறகு அவள் இருவருக்கும் எதிரே அமர்ந்து, வாயசைவு தெரியும்படி விளக்கினாள். துப்பாக்கியின் வாயிலிருந்து கிளம்பும் வெடிப்பை அங்கேயே அமுக்க வேண்டும். மேலே கீற்று வேய்ந்தாலும் கூரைக்குக் கீழே வெறும் தகரம்தானே இருக்கிறது, அது சத்தத்தைத் தடுக்காமல் தட்டிவிடுகிறது. மிச்சம் போகும் சத்தமும் மலைக்குப் போய்ச் சேராதபடி எதிரே உயரமான மண்கரை வேண்டும் என்றாள். இசக்கிதுரைக்கு உடனே ஒரு யோசனை பிறந்தது.

"குழாயத் திருப்பிக் கட்டுனா சத்தம் அந்தப் பக்கம் போயிருமே. அது மாதிரி துப்பாக்கியையும் அந்தப் பக்கமாத் திருப்பி வச்சுட்டா?"

"அந்தப் பக்கம் நீங்கதான குடியிருக்கீங்க மாமா."

யோசனை கைவிடப்பட்டது. "மீட்டர் வச்சு நான் அளந்து தாரேன்" என்றாள் மாஜிதா. "ஆனா அத்தைக்குத் தொந்தரவா இல்லையாங்கறத அத்தை காதுதான் சொல்லணும். அவங்களக் கூட்டிட்டு வாங்க."

காது கேட்கவில்லை என்பதை இசக்கிதுரை ஒப்புக்கொள்ள இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் ஆலங்குளத்துக்குப் பேருந்து ஏறினார். உரக்கடை வாசலிலேயே மைத்துனர் முத்துச்செல்வம் அவரைப் பிடித்துக்கொண்டார். "அத்தான், அக்காவைக் கூட்டிட்டுப் போயிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். எங்க வீட்டுல மிக்ஸி போட்டு வாரக்கணக்காச்சு. அம்மியில அரைக்கச் சொல்லுதா. டிவிய ஊமையா ஓட்டுதோம். நேத்து நான் தும்முனேன், வாசல்ல போய்த் தும்முன்னுட்டா."

"நான் கூப்பிட்டா வருவாளா மாப்ள?"

"வரலேன்னா நாங்க அங்கன வந்துருதோம். அவ இங்கன இருக்கட்டும்."

ஆனந்தவள்ளி உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். இசக்கிதுரை எதிரே அமர்ந்து, தம்மால் இயன்ற அளவு தாழ்ந்த குரலில், அதாவது தெருவில் போனவர்கள் நின்று கேட்கும்படி, சொன்னார்:

"எனக்குக் காது கேக்கல வள்ளி."

"தெரியும்."

"எப்போ இருந்து?"

"தாலி கட்டுன மறு வருசத்துல இருந்து."

"நீ ஒரு வார்த்தை சொல்லலையே."

"சொன்னேன். உங்களுக்குக் கேக்கல."

இசக்கிதுரை கீரைக்கட்டிலிருந்து ஒரு தண்டை எடுத்துக் கிள்ளத் தொடங்கினார். கிள்ளிய இலையைக் குப்பையிலும் தண்டைக் கிண்ணத்திலும் போட்டுக்கொண்டிருந்தார். ஆனந்தவள்ளி அதைச் சரிசெய்துகொண்டே வந்த செய்தியைக் கேட்டார். துல்கர்னைன் சங்கத்தை மூட முன்வந்ததையும், தாம் தடுத்ததையும், அதற்கான காரணத்தையும் இசக்கிதுரை மறைக்கவில்லை.

"நீங்களும் சுடுதியளா?"

"கொஞ்சமா."

"அடப்பாவி மனுசா" என்றார் அந்த அம்மாள். ஆனாலும் உதட்டின் ஓரம் அசைந்தது. கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டார்: வாரக் கடைசியில் காலையில் வருவார், முற்றத்தில் அமர்ந்து கேட்டுச் சொல்வார், மாலையில் ஆலங்குளம் திரும்புவார். "சத்தம் அடங்குற வரைக்கும் அங்கன ராத்தங்க மாட்டேன்."

அதற்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி ஆயிரப்பேரியில் இன்றும் சிரித்துப் பேசுகிறார்கள். தென்காசியில் உள்ள டயர் கடைகளில் எல்லாம் தேய்ந்துபோன லாரி டயர்களைத் தேடித் திரட்டினார்கள். அவற்றைச் செங்குத்தாக நிறுத்தி, ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு தடத்துக்கும் முன்னால் ஒரு சுரங்கம்போல் அமைத்தார்கள். துப்பாக்கியின் வாய் அந்தச் சுரங்கத்துக்குள் இருக்க வேண்டும். குண்டு அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். டயர்களின் உட்குழியில் தீப்பிடிக்காத பஞ்சு அடைக்கச் சொன்னாள் மாஜிதா. தகரத்துக்கு அடியில் அதே பஞ்சை மெத்தைபோல் தைத்துக் கட்டினார்கள். மண் அள்ளும் இயந்திரம் வந்து கரை எழுப்பிற்று. அதன் சத்தத்தைப் பற்றி ஆனந்தவள்ளி தனியே புகார் சொன்னார்.

முற்றத்தில் நாற்காலி, ஒரு கையில் கைப்பேசி, மறுகையில் விசிறி. அந்த அம்மாள் அங்கிருந்தபடியே ஒரு துப்பாக்கிக் களத்தை ஆட்டிப்படைத்தார். டெசிபலில் அவருக்கு நம்பிக்கை இல்லை, அடுக்களைக் கணக்குத்தான்.

"இப்ப எப்படி மதினி?" என்பார் துல்கர்னைன்.

"தேங்கா ஒடைக்க மாதிரி இருக்கு."

பஞ்சு கூட்டுவார்கள். "இப்போ?"

"உரல்ல மொளகா இடிக்க மாதிரி. ரெண்டாவது தடத்துல யாரு? அங்கதான் ஓட்டை இருக்கு. சத்தம் ஒழுகுது."

போய்ப் பார்த்தால் இரண்டாம் தடத்தின் டயர்களுக்கு இடையே ஓர் இடைவெளி இருக்கும். கரைமேல் வெட்டிவேர்ப் புல் நட்டார்கள். மேற்கிலிருந்து சாரல் காற்று வீசும் நாளில் எல்லா ஏற்பாட்டையும் மீறிச் சத்தம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஆகவே காற்றுக் காலம் முழுவதும் காற்றழுத்தத் துப்பாக்கி மட்டுமே என்று சங்கத்தில் விதி எழுதினார்கள். அந்த விதியின் கீழ் மூன்று நாள் சுட்ட பிறகு, "இது எலி கருவாட்டைக் கடிக்க மாதிரிதான் இருக்கு. பூனைகூடத் திரும்பிப் பாக்காது" என்று சான்று கிடைத்தது. சுபேதார் அதைப் படைத் தளபதியின் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு விறைப்பாக ஒரு வணக்கம் வைத்தார், கைப்பேசிக்கு.

சாரல் ஓய்ந்த பிறகு ஒரு சனிக்கிழமை ரைபிள்கள் மீண்டும் வெளிவந்தன. இசக்கிதுரை சுட மறுத்துவிட்டார். கொட்டகையின் ஓரத்தில், நேர்ச்சைக்கு நின்றவர்போல் கைகட்டி நின்றார். தடங்கள் அனைத்திலும் ஆள்கள். துல்கர்னைன் கைப்பேசியை மேசைமேல் வைத்துக் காத்திருந்தார். அழைப்பு வரவில்லை. வெகுநேரம் கழித்து மணி அடித்தது.

"என்ன பாய், இன்னும் தொடங்கலையா? நான் வேற வேலை பாக்க வேண்டாமா?"

"அரைமணி நேரமாச் சுடுதோம் மதினி."

மறுமுனையில் விசிறியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது. பிறகு, "மறுபடி சுடுங்க" என்றது குரல். சுட்டார்கள். "இன்னும் சுடுங்க." சுட்டார்கள். "எல்லாரும் சேந்து சுடுங்க." சேர்ந்து சுட்டார்கள். "கடுகு பொரியுது, அதுவும் அடுத்த வீட்டு அடுக்களையில" என்றார் ஆனந்தவள்ளி.

கொட்டகை குதித்தது. சுபேதார் மாஜிதாவின் தலையில் தம் காதுக் கவசத்தைக் கிரீடம்போல் கவிழ்த்தார். துல்கர்னைன், தோப்புக்காரர் ஒருவரைக் கட்டிக்கொண்டு சுற்றினார். அவர் இளநீர்க் காசு வாங்க வந்தவர். இசக்கிதுரை எதற்கும் நிற்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வரப்பெல்லாம் தாவி, வீட்டுக்கு ஓடினார். மூச்சிரைக்க முற்றத்தில் போய் நின்றபோது ஆனந்தவள்ளி நாற்காலியை மடித்துக்கொண்டிருந்தார்.

"ஆலங்குளத்துக்கு எப்போ கிளம்புத?" என்று பயந்துகொண்டே கேட்டார்.

"இனிமே எங்கன போக? பஸ்ஸு போயிருக்கும்."

மணி காலை பதினொன்று. தென்காசியிலிருந்து ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்குப் பேருந்துகள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும் வேளை. இசக்கிதுரை அதைச் சொல்லவில்லை. "ஆமா, போயிருக்கும்" என்றார்.

அடுத்த வாரம் மாஜிதா இரண்டு பெரியவர்களையும் காரில் ஏற்றித் திருநெல்வேலியில் காது பார்க்கும் மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். சுபேதார் கருவி வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். அவருக்கு மனைவி, இரண்டு கொழுந்தியாள்கள், ஒரு மாமியார் வீட்டில் இருந்தனர். இசக்கிதுரை மட்டும் கடலைப் பருப்பு அளவிலான கருவி ஒன்றைக் காதில் பொருத்திக்கொண்டு ஊர் திரும்பினார். வழியெல்லாம் அவருக்கு வியப்பு. காரின் சன்னல் கறகறப்பதும், தம் செருப்பு தரையில் இழுபடுவதும், மழை இலையில் விழுவதும் கேட்டன. உலகத்தை யாரோ புதிதாகச் செய்து உறையைப் பிரித்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

மறுநாள் காலை காபி குடித்துவிட்டு முற்றத்தில் அமர்ந்திருந்தார். உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஆனந்தவள்ளியின் குரல் மெல்லியதாக வந்தது. "குடிச்ச டம்ளரக் கழுவத் தெரியாது, குறி பாக்கப் போயாச்சு. மகாராசன் உக்காந்திருக்க ஒய்யாரத்தப் பாரு, கிரீடந்தான் பாக்கி."

"கழுவுதேன் தாயே, கழுவுதேன்" என்றார் இசக்கிதுரை.

உள்ளே ஒரு பாத்திரம் விழுந்தது. அந்த அம்மாள் ஈரக்கையோடு வாசலுக்கு வந்தார்.

"கேட்டுதா?"

"கேட்டுச்சு."

"எம்புட்டு?"

"அம்புட்டும். கிரீடம் வரைக்கும்."

ஆனந்தவள்ளியின் முகத்தில், இத்தனை ஆண்டுகளில் அவர் கண்டிராத ஒரு கலவரம் தெரிந்தது. இசக்கிதுரை நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டார். "இத்தன வருசமும் இப்படியேதான் பேசிட்டு இருந்தியாட்டி?"

"இதவிட நல்லாவே பேசியிருக்கேன்."

"என்னன்னு?"

"எல்லாத்தையும் இப்பச் சொல்ல முடியுமா? உங்க குழாய் ஒண்ணுக்கு நான் வச்ச பேரச் சொன்னாலே நீங்க கோயிலுக்குப் போய்த் தல முழுகணும்."

இசக்கிதுரைக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. நாற்காலி ஆடியது, காபி டம்ளர் உருண்டது, கண்ணில் நீர் வந்தது. ஒரு மனுசி ஊரின் உச்சபட்சச் சத்தத்துக்கு நடுவே அமர்ந்து, அத்தனை காலமும் அவரைத் தாராளமாக வைதிருக்கிறாள். அவரோ அந்த நிகழ்ச்சிக்கு ஒரு நாள்கூடப் போகாமல் இருந்துவிட்டார்.

"ஒரே ஒரு தரம் சொல்லு வள்ளி, அந்தப் பேரு என்னன்னு."

"மாட்டேன். அந்தக் கடலப் பருப்ப சனி, ஞாயிறு மட்டும் மாட்டுங்க. துப்பாக்கிச் சத்தம் கூடுதா, குறையுதான்னு பாருங்க. மத்த நாளு பெட்டியில இருக்கட்டும். எனக்கும் வாய்க்கு ஒரு சொதந்திரம் வேண்டாமா?"

நியாயந்தான் என்று தோன்றியது அவருக்கு. கருவியைக் கழற்றக் காதருகே கையைக் கொண்டுபோனார்.

"இருங்க. இத மட்டும் கேட்டுட்டுக் கழட்டுங்க" என்றார் ஆனந்தவள்ளி. ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, குனிந்து, அணில்கூடக் கேட்காத குரலில் காதில் ஏதோ சொன்னார். இசக்கிதுரையின் முகம் கழுத்து வரை சிவந்தது. கழற்றப் போன கை அப்படியே நின்றது.

அன்று முழுவதும் அவர் அதைக் கழற்றவே இல்லை.